நேட்டோ நாடுகள் இரண்டு தூதரக உறவை அறுத்துக்கொண்ட கதை: ஐஸ்லாந்து – பிரிட்டன், 1976

கடல்நாடன் (இழையைத் தொடங்கியவர்)

1976 பிப்ரவரி 19 அன்று ஐஸ்லாந்து பிரிட்டனுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது. இரண்டுமே 1949இல் நேட்டோவைத் தொடங்கிய பன்னிரண்டு நாடுகளில் அடக்கம். அந்தக் கூட்டணிக்குள் ஓர் உறுப்பு நாடு இன்னொன்றோடு இப்படி உறவை அறுத்தது அதுவே முதல் தடவை. காரணம், காட் மீன்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை நான்கு முறை நகர்த்தியது. 1952இல் 4 கடல் மைல், 1958இல் 12, 1972இல் 50, 1975இல் 200. நான்கு முறையும் பிரிட்டன் முடியாது என்றது, நான்கு முறையும் கடைசியில் இறங்கி வந்தது. முதல் தடவை பிரிட்டன், ஐஸ்லாந்து மீனைத் தன் துறைமுகங்களில் இறக்க விடாமல் தடுத்துப் பார்த்தது. அடுத்த மூன்று தடவையும் கடற்படையை அனுப்பியது. அந்த மூன்றையும்தான் காட் போர்கள் என்கிறார்கள். 1975இல் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் 2,20,000. ராணுவம் என்று ஒன்று கிடையாது. கடலோரக் காவல்படையிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய ரோந்துக் கப்பல்கள்தான்.

இதைப் பெரும்பாலும் சின்ன நாடு பெரிய நாட்டை மண்ணைக் கவ்வ வைத்த வீரக்கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜெயித்துக் கொடுத்தது கெஃப்லவீக். ஐஸ்லாந்தில் உள்ள அந்த ஊரில் அமெரிக்க ராணுவத் தளம் இருந்தது. சோவியத் வடக்குக் கடற்படையின் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் வர வேண்டுமானால் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் நாடு "நீ என் மீனைத் தொட்டால் தளத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்" என்று சொன்னால், லண்டனுக்கு முன்னால் வாஷிங்டனுக்குத்தான் வியர்க்கும்.

தூதரக உறவை முறிப்பது எதிரியிடம் அவ்வளவாக எடுபடாது. அவன் ஏற்கெனவே பேசுவதில்லை. கூட்டாளியிடம் முறித்தால் மற்றக் கூட்டாளிகள் எல்லாரும் ஓடிவந்து சமாதானம் பேசுவார்கள். ஐஸ்லாந்து செய்தது அதைத்தான். மறுப்பவர்கள் வாருங்கள்.

---

சந்தேகி

மறுக்க வந்துவிட்டேன்.

கெஃப்லவீக் மிரட்டல் வெறும் உருட்டல். 1971இல் வந்த இடதுசாரிக் கூட்டணி அரசு 50 மைல் எல்லையையும் அறிவித்தது, அமெரிக்கத் தளத்தை வெளியேற்றுவோம் என்றும் சொன்னது. என்ன நடந்தது? 1974இல் தளம் இருக்கட்டும் என்று கேட்டு 55,000க்கும் மேற்பட்ட ஐஸ்லாந்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலே நாட்டில் நான்கில் ஒருவர். அதே ஆண்டுத் தேர்தலில் வலதுசாரிக் கட்சி மேலே வந்தது. உறவை முறித்த பிரதமர் கெய்ர் ஹால்க்ரிம்சன் நேட்டோ ஆதரவாளர். அவர் தளத்தை மூடுவார் என்று யார் நம்பியிருப்பார்கள்?

உண்மையான காரணம் வேறு. உலகம் முழுக்க 200 மைல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சிலி, பெரு, ஈக்வடார் மூன்றும் 1952லேயே அறிவித்துவிட்டன. 1973இல் தொடங்கிய ஐநா கடல் சட்ட மாநாட்டில் 1975க்குள் அந்த எண்தான் வரைவில் உட்கார்ந்துவிட்டது. பிரிட்டனே தனக்கு 200 மைல் வேண்டும் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தது. 1977 ஜனவரி 1 அன்று அறிவித்தும் விட்டது. அதாவது ஏழு மாதத்துக்கு முன்னால் வரை எதிர்த்துக்கொண்டிருந்த அதே எல்லைக்கோட்டைத் தன் வீட்டைச் சுற்றி வரைந்துகொண்டது. ஐஸ்லாந்து கொஞ்சம் சீக்கிரம் வந்து வரிசையில் நின்றது, அவ்வளவுதான்.

---

வாதிபிரதிவாதி

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஏனென்றால் ஐஸ்லாந்து வழக்கில் தோற்றது.

1901இல் டென்மார்க்கும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஐஸ்லாந்து அப்போது டென்மார்க்கின் கீழ். கரையிலிருந்து 3 மைல்தான் உங்களுடையது, ஐம்பது ஆண்டுகளுக்கு இதுதான் என்று எழுதிக்கொண்டார்கள். ஐஸ்லாந்தைக் கேட்டுச் செய்ததல்ல. 1944இல் ஐஸ்லாந்து குடியரசானது, 1949இல் அதை முடித்துக்கொள்ள நோட்டீஸ் கொடுத்தது. 1951இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் நார்வே–பிரிட்டன் வழக்கில் நார்வேக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நார்வேயின் எல்லை 4 மைல். அதைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்தும் அடுத்த ஆண்டு 4 மைல் போட்டது. ஆக, தொடக்கத்தில் இவர்களும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

12 மைல் சண்டை 1961 மார்ச் 11 அன்று கடிதப் பரிமாற்றத்தில் முடிந்தது. பிரிட்டன் 12ஐ ஏற்றது. பதிலுக்கு ஐஸ்லாந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தது: இனி எல்லையை நீட்டினால் ஆறு மாதம் முன்பே சொல்வோம், தகராறு வந்தால் யார் வேண்டுமானாலும் ஹேக்குக்குப் போகலாம். அந்த ஒரு வரிதான் பிறகு கழுத்தில் மாட்டியது. 1972இல் 50 மைல் அறிவித்ததும் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் நேராக ஹேக்குக்குப் போயின. ஐஸ்லாந்து ஆஜராகவே இல்லை. 1974 ஜூலை 25 அன்று பத்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஐஸ்லாந்து ஒருதலையாகப் பிரிட்டனை வெளியேற்ற முடியாது. ஐஸ்லாந்துக்கு முன்னுரிமை உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

தீர்ப்பு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை, 1975 ஜூலையில் 200 மைல் அறிவிப்பு. சந்தேகி சொல்வதுபோல் "உலகம் சாய்ந்துவிட்டது" என்றால் நீதிமன்றத்துக்கு அது தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

---

பனிமலர்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அதனால் அடிப்படைக் கேள்வி. தூதரக உறவை முறித்தால் நிஜத்தில் என்ன நடக்கும்? போர் அறிவித்த மாதிரியா? அங்கே இருக்கும் நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட் யார் கொடுப்பார்கள்?

---

வாதிபிரதிவாதி

போர் இல்லை, தம்பி/தங்கச்சி. 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 45ஆவது பிரிவைப் படியுங்கள். உறவு முறிந்தாலும், போரே வந்தாலும், தூதரகக் கட்டடத்தையும் ஆவணங்களையும் அந்த நாடு மதித்துக் காக்க வேண்டும். ஊழியர்கள் கிளம்ப அவகாசம் உண்டு. நம் காரியங்களைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது நாடு ஒன்றிடம் ஒப்படைக்கலாம். அந்த நாட்டின் தூதரகத்துக்குள் ஒரு மேசையில் நம் வேலை நடக்கும். பாஸ்போர்ட், விசா எல்லாம் அந்த வழியில். வணிகம் தானாக நிற்காது. ஒப்பந்தங்களும் தானாகச் செத்துப்போகாது.

தூதரைத் திரும்ப அழைப்பது ஒரு படி கீழே. அதை நாடுகள் அடிக்கடி செய்கின்றன. முறிப்பது கடைசிப் படி. அதற்கு மேல் படிக்கட்டே இல்லை என்பதால்தான் யாரும் சுலபத்தில் ஏறுவதில்லை.

(தம்பியா தங்கச்சியா என்று சொன்னால் ஒன்றை அடித்துவிடுகிறேன்.)

---

பனிமலர்

தங்கச்சி. நன்றி அண்ணா.

---

மணப்பாட்டுக்காரன்

எல்லாரும் ஹேக், நேட்டோன்னு பேசுறீங்க. கடல்ல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன், எங்க வீட்ல மூணு தலைமுறையா தொழில் கடல்தான்.

இழுவைமடிக் கப்பலுக்குப் பின்னால ரெண்டு வயர் ரோப்பு போகும். ரோப்பு முனையில ரெண்டு பலகை, அதுதான் மடி வாயை விரிச்சுப் பிடிக்கும். அதுக்குப் பின்னால மடி. மடி அடியில கிடக்குறப்போ கப்பல் நடக்குற வேகத்துலதான் ஊரும். சட்டுன்னு திரும்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. அந்த நேரத்துல ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல் பின்பக்கமா குறுக்க வரும். அது ஒரு கொக்கியை இழுத்துட்டு வரும், நங்கூரம் மாதிரி, நாலு கையி, கையில அறுக்குற பிளேடு. ரோப்பு கொக்கியில மாட்டுச்சுன்னா டங்குன்னு அறுந்துரும். மடி, பலகை, உள்ள ஏறுன மீனு அத்தனையும் அடியில. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல, ஆனா அந்த ஓட்டம் நட்டம். புது மடி போடணும்னா கரைக்குப் போகணும்.

இந்தக் கொக்கியை 1972 செப்டம்பர்ல, 50 மைல் கோடு போட்ட அஞ்சாவது நாள்தான் முதல்ல இறக்குனாங்க. ஐகிர்னு ஒரு ரோந்துக் கப்பல், கேப்டன் குட்முண்டூர் க்யார்னெஸ்டட். துப்பாக்கியால சுட்டா சாவு வரும், சாவு வந்தா போரு வரும். மடியை அறுத்தா கேஸு மட்டும்தான் வரும். அந்த யோசனை எவனுக்கு வந்துச்சோ, அவன் நல்ல மீன்பிடிக்காரனாத்தான் இருப்பான்.

பிரிட்டன் கடற்படை என்ன பண்ணுச்சுன்னா, படகுகளை ஒரு கட்டத்துக்குள்ள நிறுத்தி, சுத்திக் காவல் நின்னுச்சு. மீனு அந்தக் கட்டத்துக்குள்ள வந்து நிக்குமா? கேப்டன்மாருக்கு அதுலயே பாதி வெறுத்துப்போச்சு.

---

கடல்நாடன்

அண்ணே, இதுக்காகவே இழை தொடங்கினேன் என்று வையுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். துப்பாக்கியே எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1973 மே 26 அன்று ஐகிர், எவர்டன் என்ற மீன்பிடிக் கப்பலைச் சுட்டது. ஓட்டை விழுந்தது, மூழ்கவில்லை. சாவும் ஒன்று உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பலுடன் மோதியதில் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்துகொண்டிருந்த ஐகிர் ஊழியர் ஒருவர் வெல்டிங் வேலையின்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

1975 கடைசியிலிருந்து கொக்கி அறுப்போடு இடித்தலும் அதிகமானது. போர்க்கப்பல் வேகமானது, ஆனால் அதன் உடம்பு மெல்லிய தகடு. ஐஸ்லாந்துக் கப்பல்கள் பனிக்கடலுக்காகக் கெட்டியாகக் கட்டப்பட்டவை. இடித்தால் யாருக்குச் சேதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிவிட்டு ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலாகப் பட்டறைக்குப் போனது. 1976 மே 6 அன்று ஃபால்மத் என்ற போர்க்கப்பல் டீர் என்ற ரோந்துக் கப்பலை இடித்ததில் டீர் கிட்டத்தட்டக் கவிழ்ந்தேவிட்டது. அதிலும் கேப்டன் அதே க்யார்னெஸ்டட்தான்.

---

ஹல்வாசி

நான் இருக்கிறது ஹல்லில, இங்கிலாந்தின்ர மீன்பிடித் துறைமுக ஊர். இஞ்ச வந்து கனகாலம். நீங்கள் எல்லாரும் ஐஸ்லாந்துப் பக்கத்தில நிண்டு கதைக்கிறியள், இந்தப் பக்கக் கதையையும் கேளுங்கோ.

ஹெஸ்ஸில் ரோட் எண்டு ஒரு தெரு. முழுக்க மீன்பிடிச் சனம். 1968 ஜனவரி, பெப்ரவரியில மூண்டு கப்பல் அடுத்தடுத்துத் தாண்டது: சென்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடொட், ரொஸ் கிளீவ்லண்ட். 58 பேர் போயிட்டினம். கடைசிக் கப்பல் ஐஸ்லாந்தின்ர ஈசாஃப்யோர்டூர் பக்கத்தில, புயலில, மேல்தட்டில பனி கட்டிப் பாரம் கூடித் தாண்டது. ஒரு ஆள் மட்டும் தப்பினது. அதே புயலில நொட்ஸ் கவுன்டி எண்ட கிரிம்ஸ்பிக் கப்பல் தரைதட்டிச்சுது. அந்தச் சனத்தைக் காப்பாத்தினது ஆர் தெரியுமோ? ஐஸ்லாந்துக் காவல்கப்பல் ஓடின்.

எட்டு வருசத்துக்குப் பிறகு, 1976 ஏப்ரலில, அதே ஓடினோட ஹல்லின்ர ஆர்ட்டிக் கோர்சேர் எண்ட மீன்பிடிக் கப்பல் முட்டுப்பட்டது. இப்ப ஓடின் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவீக்கில மியூசியம், கோர்சேர் இஞ்ச ஹல்லில மியூசியம். 2017இல ரெண்டு பக்கமும் கப்பல் மணியை மாத்திக் குடுத்தவை.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது காசு விசயம். 200 மைல் வந்த பிறகு கப்பல்களைப் பழைய இரும்புக்கு வித்தினம். ஹல்லின்ர மீன்பிடித் துறையான சென்ட் அன்ட்ரூஸ் டொக் 1975 நவம்பரிலயே மூடியாச்சு. கப்பலில போன ஆக்களுக்கு வேலை போனதுக்கு நட்டஈடு கிடைக்கேல்லை. ஏனெண்டால் அவை "தற்காலிக வேலையாட்கள்" எண்டு சட்டம் சொல்லிச்சுது. இருவது வருசம் ஒரே கம்பனிக் கப்பலில போனவனும் தற்காலிகம். கப்பல் முதலாளிமாருக்கு அரசாங்க உதவி போச்சுது. ஆக்களுக்கான நட்டஈட்டுத் திட்டம் வந்தது 2000ஆம் ஆண்டு. அதுக்குள்ள எத்தினை பேர் செத்துப்போச்சினம்.

ஆர் வெண்டது எண்டு நீங்கள் கணக்குப் பாருங்கோ. தோத்தது ஆர் எண்டு இஞ்ச கேட்டால் லண்டன் எண்டுதான் சொல்லுவினம், ஆனா லண்டனுக்குத் தோத்ததாத் தெரியாது.

---

சந்தேகி

ஹல்வாசி ஐயாவின் பதிவு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. லண்டனுக்கு அந்த மீன் அவ்வளவு முக்கியமே இல்லை. ஐஸ்லாந்துக்கு ஏற்றுமதியில் பெரும்பகுதி மீன். பிரிட்டனுக்கு இரண்டு மூன்று துறைமுக ஊர்களின் பிழைப்பு. ஒருத்தனுக்கு உயிர், இன்னொருத்தனுக்குக் கறிவேப்பிலை. உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவன் விட மாட்டான் என்று தெரிந்ததும் மற்றவன் விட்டுவிட்டான். இதில் கெஃப்லவீக் எங்கே வந்தது?

---

கடல்நாடன்

எங்கே வந்தது என்று தேதி போட்டே காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1973 மே: கடற்படை 50 மைலுக்குள் நுழைகிறது. ரெய்க்யவீக்கில் பிரிட்டிஷ் தூதரகத்தின் மேல் கல் விழுகிறது. செப்டம்பரில் ஐஸ்லாந்து, கப்பல்களை எடுக்காவிட்டால் உறவை முறிப்போம் என்கிறது. நேட்டோ பொதுச்செயலாளர் ஜோசப் லுன்ஸ் ஓடிவருகிறார். அக்டோபர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஹீத் கப்பல்களைத் திரும்பப் பெறுகிறார். நவம்பரில் இரண்டாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 1,30,000 டன் அளவில் பிரிட்டன் பிடித்துக்கொள்ளலாம். ஹேக் நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தது 1,70,000 டன். நீதிமன்றம் கொடுத்ததைவிடக் குறைவாகப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது! உலகப் போக்கு, நீதி, மீன் விலை எதுவும் இதை விளக்காது.

1975 நவம்பர்: அந்த ஒப்பந்தம் முடிகிறது. பிரிட்டிஷ் அமைச்சர் ராய் ஹாட்டர்ஸ்லி ரெய்க்யவீக் போய்ப் பேசுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மேற்கு ஜெர்மனி அதே மாதம் ஒப்பந்தம் போட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மீண்டும் வருகின்றன. 1976 ஜனவரியில் மறுபடி முறிவு மிரட்டல், மறுபடி லுன்ஸ், மறுபடி கப்பல்கள் வெளியே. கெய்ர் ஹால்க்ரிம்சன் லண்டன் போய் பிரிட்டிஷ் பிரதமர் வில்சனைப் பார்க்கிறார். பேச்சு முறிகிறது. பிப்ரவரியில் கப்பல்கள் திரும்ப வருகின்றன. 19ஆம் தேதி உறவு முறிகிறது.

இரண்டு முறை மிரட்டினார்கள், இரண்டு முறையும் போர்க்கப்பல் பின்வாங்கியது. மூன்றாவது முறை செய்தே காட்டினார்கள். 55,000 கையெழுத்து இருந்ததே என்கிறீர்கள். அந்தக் கையெழுத்து 1974இல், சண்டை ஓய்ந்திருந்தபோது வாங்கியது. நேட்டோ ஆதரவுப் பிரதமரே உறவை முறிக்கிறார் என்றால் அது அமெரிக்காவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? "நான் உங்கள் ஆள், என்னாலேயே தாங்க முடியவில்லை, எனக்கு அடுத்து வருபவனை யோசித்துக்கொள்." மிரட்டலை நம்பகமாக்கியதே அவர் நேட்டோ ஆதரவாளர் என்பதுதான்.

---

மணப்பாட்டுக்காரன்

இந்தத் தேதிய பாத்தா நமக்கு வேற ஒண்ணு ஞாபகம் வருது. இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தம் போட்டது 1974 ஜூனும் 1976 மார்ச்சும். அந்த 76லதான் இந்தியா 200 மைல் சட்டமும் போட்டுச்சு. அங்க மீன்பிடிக்காரனுக்காக ஒரு அரசாங்கம் உறவையே அறுத்துச்சு. இங்க...

---

இழை நடத்துநர்

மணப்பாட்டுக்காரன், பாக் நீரிணைக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போனால் இங்கே திரும்ப மாட்டோம். 200 மைல் அலை எல்லா நாட்டையும் ஒரே காலத்தில் தொட்டது என்ற அளவில் உங்கள் பதிவு இருக்கட்டும்.

---

மணப்பாட்டுக்காரன்

சரி. ஆனா ஒரே ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன், அது ஐஸ்லாந்து விசயம்தான். அந்நியனை விரட்டுனதும் மீனு பெருகிரல. 1975 அக்டோபர்லயே அவங்க ஆராய்ச்சி நிலையம், காட் அழியப்போகுது, பிடிக்குறத குறைங்கன்னு அறிக்கை விட்டுச்சு. "கருப்பு அறிக்கை"ன்னே அதுக்குப் பேரு. பிரிட்டன்காரன் போனதும் குறைச்சாங்களா? அவன் விட்ட இடத்துல இவனே புது டிராலர் வாங்கி இறங்கிட்டான். 84ல கப்பலுக்கு இவ்வளவுன்னு கோட்டா போட்ட பிறகுதான் கட்டுப்பாடு வந்துச்சு. கோட்டாவை விக்கலாம் வாங்கலாம்னு ஆனதும் சின்ன ஊர்க்காரன் கையில இருந்து பெரிய கம்பெனி கைக்குப் போயிருச்சு. அதுக்கு இன்னைக்கும் அங்க சண்டை.

---

பனிமலர்

சண்டை கடைசியில் எப்படி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லையே?

---

ஹல்வாசி

அதை நான் சொல்லுறன், ஏனெண்டால் அதில ஒரு வேடிக்கை இருக்கு. 1976 ஏப்ரலில பிரிட்டனுக்குப் புது வெளியுறவு அமைச்சர் வந்தார், அன்டனி குரொஸ்லண்ட். அவர் எந்தத் தொகுதி எம்பி எண்டு நினைக்கிறியள்? கிரிம்ஸ்பி! ஹம்பர் ஆத்துக்கு அங்கால் பக்கம் இருக்கிற மீன்பிடி ஊர். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரையே கிரிம்ஸ்பி டவுன் ஃபுட்போல் மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போன மனுசன். அவ்வளவு ஊர்ப்பற்று. அந்த மனுசன்தான் யூன் 1ஆம் திகதி ஒஸ்லோவில உக்காந்து தன்ர ஊர்ச் சனத்தின்ர பிழைப்புக்குக் கையெழுத்து வைக்க வேண்டி வந்தது.

ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு. 200 மைலுக்குள்ள ஒரு நேரத்தில சராசரி 24 கப்பல்தான் நிக்கலாம். ஐஸ்லாந்துக் காவலர் ஏறிச் சோதிக்கலாம். டிசம்பர் 1க்குப் பிறகு ஒண்டுமில்லை. தூதரக உறவு அந்தக் கையெழுத்தோட திரும்ப வந்தது.

---

வாதிபிரதிவாதி

ஒஸ்லோவில் இன்னொரு கயிறும் இருந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1972இல் ஐஸ்லாந்தோடு வணிக ஒப்பந்தம் போட்டபோது, மீனுக்கான சுங்கச் சலுகையை ஆறாவது நெறிமுறை என்ற இணைப்பில் வைத்து, மீன்பிடித் தகராறு தீரும்வரை அமலாக்க மாட்டோம் என்றது. அதாவது மீன் பிடிப்பதில் பிடிவாதம் காட்டக் காட்ட, பிடித்த மீனை விற்பதில் ஐஸ்லாந்துக்கு நட்டம். ஒஸ்லோ கையெழுத்து ஆன அடுத்த மாதமே, 1976 ஜூலையில், சலுகை அமலானது. ஐஸ்லாந்துக்கும் முடித்துக்கொள்ள ஆசை இருந்தது. கெஃப்லவீக்கைப் பிடித்துப் பிரிட்டனை மட்டும் இழுத்தார்கள் என்று சொன்னால் பாதிக் கதைதான்.

1952லும் இப்படிச் சந்தையை வைத்து அடித்துப் பார்த்தார்கள். அப்போது நடந்தது என்ன தெரியுமா? பிரிட்டிஷ் துறைமுகங்கள் ஐஸ்லாந்து மீனை இறக்க விடவில்லை. சோவியத் யூனியன் வந்து வாங்கிக்கொண்டது. பதிலுக்கு எண்ணெய் கொடுத்தது. நேட்டோவின் முதல் ஆண்டுகளில், நேட்டோ நாடு ஒன்றை மாஸ்கோ பக்கம் தள்ளிவிட்ட பெருமை கிரிம்ஸ்பி, ஹல் கப்பல் முதலாளிகளுக்கு உண்டு.

---

கடல்நாடன்

அந்த 1952 கதை என் வாதத்துக்குச் சாட்சி, எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. "நீ தள்ளினால் நான் அந்தப் பக்கம் போவேன்" என்பது முதல் சண்டையிலேயே நடந்து காட்டப்பட்ட விஷயம். பிறகு வாயால் சொன்னாலே போதுமாக இருந்தது.

---

சந்தேகி

சரி, கெஃப்லவீக்தான் துருப்புச்சீட்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் தளம் இல்லாமல் போனபோது ஐஸ்லாந்துக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும் அல்லவா? அமெரிக்கா 2006 செப்டம்பரில் கெஃப்லவீக்கை விட்டுக் கிளம்பியது. அதற்குப் பிறகு பிரிட்டனோடு தகராறு ஏதும் வரவில்லையா?

---

கடல்நாடன்

வந்தது. நீங்களே கேட்டது நல்லது.

2008 அக்டோபரில் ஐஸ்லாந்து வங்கிகள் ஒரே வாரத்தில் விழுந்தன. லாண்ட்ஸ்பாங்கி என்ற வங்கி ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையக் கணக்கு நடத்தியது. லட்சக்கணக்கானவர்கள் பணம் போட்டிருந்தார்கள். அக்டோபர் 8 அன்று பிரிட்டன் அந்த வங்கியின் சொத்தை முடக்கியது. பயன்படுத்திய சட்டம் எது? 2001இல் கொண்டுவந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம். அல்கொய்தா இருந்த பட்டியலில் ஒரு நேட்டோ நாட்டின் வங்கி பெயர்.

1976இல் மீனுக்காக உறவை அறுத்த நாடு இதற்கு அறுத்ததா? இல்லை. கண்டனம் தெரிவித்தது, இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடந்தது, அவ்வளவுதான். முறித்திருந்தால் யார் ஓடிவந்து சமாதானம் பேசியிருப்பார்கள்? அமெரிக்காவுக்கு அங்கே காக்க வேண்டிய தளமே இல்லை. உதவி கேட்டு ரஷ்யாவிடம் கடன் பேச்சு நடத்தினார்கள். பழைய சீட்டைத்தான் மறுபடி போட்டார்கள். இந்த முறை யாரும் பதறவில்லை, ரஷ்யக் கடனும் வரவில்லை.

---

வாதிபிரதிவாதி

ஆனாலும் ஐஸ்லாந்து தோற்கவில்லை, அதை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனும் நெதர்லாந்தும் தம் மக்களுக்குக் கொடுத்த பணத்தை ஐஸ்லாந்து அரசு திருப்பித் தர வேண்டும் என்றன. நாடாளுமன்றம் சம்மதித்தது, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்து மக்களிடம் அனுப்பினார். 2010 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பு, 90 சதவீதத்துக்கும் மேல் முடியாது என்றது. 2011 ஏப்ரலில் திருத்திய ஒப்பந்தத்துக்கும் முடியாது. கடைசியில் விஷயம் லக்ஸம்பர்க்கில் உள்ள எஃப்டா (ஐஸ்லாந்து, நார்வே போன்ற நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு) நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஜனவரி 28 அன்று எல்லாப் புள்ளியிலும் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு.

எழுபதுகளில் நீதிமன்றத்துக்குப் போகவே மறுத்து, அங்கே தோற்று, கடலில் ஜெயித்தார்கள். 2013இல் வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தார்கள். கையில் தளம் இருந்தபோது சட்டம் வேண்டாம், தளம் போனதும் சட்டம் வேண்டும். கடல்நாடனின் வாதத்தை இவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறேன்.

---

சந்தேகி

நான் முழுக்க ஏற்கவில்லை. 200 மைல் எப்படியும் வந்திருக்கும், 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தில் வந்தே விட்டது. முறிவினால் கிடைத்தது ஒரு சில ஆண்டு முன்னதாக, அவ்வளவே. ஆனால் கருப்பு அறிக்கையைப் பார்த்தால் அந்தச் சில ஆண்டு காட் மீனுக்குச் சின்ன விஷயம் இல்லை, அது வரை ஒத்துக்கொள்கிறேன்.

---

ஹல்வாசி

பின்குறிப்பு ஒண்டு. இப்ப கிரிம்ஸ்பி மீன்சந்தையில ஏலம் போற மீனில பெரும்பங்கு ஐஸ்லாந்திலயும் நோர்வேயிலயும் இருந்து கொள்கலத்தில வாறது. இஞ்ச வெள்ளிக்கிழமையில கடையில வாங்கிற ஃபிஷ் அண்ட் சிப்ஸ் அநேகமா அந்த 200 மைலுக்குள்ள அவன் பிடிச்சு, இவனுக்கு வித்தது.

---

பனிமலர்

2008க்குப் பிறகு நேட்டோவில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா?

---

கடல்நாடன்

பேசினார்கள். ஐஸ்லாந்துக்கு விமானப்படை கிடையாது, தளம் மூடிய பிறகு நேட்டோ நாடுகள் முறை வைத்துப் போர் விமானங்களை அனுப்பி வானத்தைக் காவல் காக்கின்றன. 2008 டிசம்பர் பிரிட்டனின் முறை. பயங்கரவாதச் சட்டம் போட்ட இரண்டே மாதத்தில் அதே பிரிட்டிஷ் விமானங்கள் வந்து பாதுகாப்பதை ரெய்க்யவீக்கில் யாரும் ரசிக்கவில்லை. இரு தரப்பும் பேசி அந்த முறையை ரத்து செய்தார்கள். 2019இல்தான் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தப் பணிக்காகக் கெஃப்லவீக்கில் வந்து இறங்கின.